கழுத்தில் சுற்றிப் பார்த்த பேன்ட்

முப்பத்து நாலு தொடையிலேயே நின்றுவிட்டது. இழுத்தால் ஏறும் என்று சுயம்பு நம்பவில்லை, இழுத்தால் தையல்தான் போகும், ஆனாலும் இழுத்தான், ஏனென்றால் ட்ரையல் ரூம் கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா நின்றுகொண்டிருந்தாள், அந்த பேன்டை அவள்தான் அவன் கழுத்தில் சுற்றிப் பார்த்து எடுத்துக் கொடுத்திருந்தாள். ஜவுளிக்கடை ரெண்டாவது மாடியில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நட்டநடுவில், பேன்டின் பட்டனைப் போட்டு, இடுப்புப் பட்டையைத் தட்டையாகப் பிடித்து, நாய்க்குப் பட்டை கட்டுவது மாதிரி அவன் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, பிடரியில் ரெண்டு முனையும் தொட்டதும், "பாத்தியா, அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு" என்று ஜெயித்த முகத்தோடு சொன்னாள். கழுத்துக்குச் சரியாக வந்தால் இடுப்புக்கும் சரியாக வருமாம். எந்த முட்டாள் கண்டுபிடித்தான் இதை? ஆனால் கடை முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள், எங்கே பார்த்தாலும் எவனோ ஒருவன் கழுத்தில் பேன்ட் தொங்க அசையாமல் நின்றுகொண்டிருந்தான், பக்கத்தில் ஒரு பொம்பளை முனையைப் பிடித்துக்கொண்டு. அப்பாவுக்கு இது பலிக்கும். அப்பா மேலிருந்து கீழ்வரை ஒரே கனம், தண்ணிக் குழாய் மாதிரி, எங்கே சுற்றினாலும் ஒரே கணக்குதான். சுயம்புவுக்குக் கழுத்து மட்டும் அப்பாவிடமிருந்து வந்திருந்தது. கழுத்தைக் கொடுத்ததோடு அப்பா கையை உதறிக்கொண்டார். கழுத்துக்குக் கீழே தோள் குறுகி, கை சுள்ளியாகி, அதற்கும் கீழே யாரும் கேட்காமலே வயிறு என்று ஒன்று ஆரம்பித்து, அது முடிகிற இடத்தில் தொடை ஆரம்பித்துவிடும். மேலே ஒருத்தன், கீழே ஒருத்தன். ரெண்டு பேருக்கும் ஒரே பெயர், அதுவும் சுயம்புலிங்கம். "ஏல, ஏறிட்டா?" அம்மா கதவைத் தட்டினாள். "ஏறிட்டு." "வெளிய வந்து காட்டு." "இரும்மா." ஏறிட்டு என்று ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை, வாய் அதுவாகச் சொன்னது, சின்ன வயசிலிருந்தே அளவு என்று வந்தால் அவன் வாய் அதுவாகத்தான் பொய் சொல்லும். பேன்டை உருவும்போது அது தொடையில் சிவப்பாக ஒரு கோடு போட்டுவிட்டுப் போனது.

நாளைக்கு ஒன்பது மணி. அதுதான் விஷயம். பைபாஸ் ரோட்டு பைக் ஷோரூமில் நாளைக்கு ஒன்பது மணிக்குக் கருப்பு பேன்ட் போட்டு, வெள்ளைச் சட்டையை இன் பண்ணி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நாளை மறுநாளிலிருந்து அப்பாவோடு தீப்பெட்டி ஆபீசுக்குப் போக வேண்டும். காலேஜ் என்ற பேச்சை ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றே அவன் முடித்துவிட்டான், இன்னும் மூன்று வருஷம் எவன் பெஞ்சில் உட்காருவது. தீப்பெட்டி ஆபீஸ் என்றால் காலையிலிருந்து சாயங்காலம்வரை மருந்து வாடை, அப்பா சட்டையில் வருமே, குளித்தாலும் போகாதே, அது. பைக் என்றால் வேறு. பைக் ஒன்றுதான் அவனை உட்கார வைத்துவிட்டுக் கேள்வி கேட்காது. வெள்ளிக்கிழமை இன்டர்வியூவில் மேனேஜர் மார்க் ஷீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, வயிற்றைத்தான் பார்த்தார், அதுவும் ஒளித்து மறைத்தெல்லாம் இல்லை, கறிக்கடையில் பார்ப்பது மாதிரி. "வண்டில ஏறி எறங்குவியா? கஸ்டமர் முன்னால சட்டுனு காலைத் தூக்கிப் போட்டு ஒக்காரணும். மூச்சு வாங்கிட்டு நிக்கக் கூடாது." "ஏறுவேன் சார்." "எங்க, ஏறு பாப்போம்." ஏறினான், மேனேஜரே புருவத்தைத் தூக்குகிற அளவுக்கு லேசாக ஏறினான், இறங்கினான், மறுபடி ஏறினான். மேனேஜருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. சட்டைக்கு அடியில் பேன்டின் பட்டன் போட்டிருக்கவில்லை, ஜிப் முக்கால்வாசிதான் ஏறியிருந்தது, எல்லாவற்றையும் ஒரு பெல்ட் பிடித்துக்கொண்டிருந்தது, சட்டை வெளியே தொங்கி மூடிக்கொண்டிருந்தது. பத்தாம் வகுப்பிலிருந்து இதே ஏற்பாடுதான். மூன்று வருஷமாக அவன் இடுப்பில் எந்தப் பட்டனும் வேலை பார்த்ததில்லை. "திங்கக்கெழமை வா. இன் பண்ணிட்டு வரணும், கண்டிப்பா. போன மாசம் ஒருத்தன் வந்தான், வண்டில குனிஞ்சான், பேன்ட் பின்னால எறங்கிட்டு, கஸ்டமர் பொஞ்சாதி மூஞ்சத் திருப்பிக்கிட்டா. அன்னைக்கே அனுப்பிட்டேன்." மேனேஜர் சிரித்தார், சுயம்புவும் சிரித்தான், போன மாதம் வந்தவனைப் பார்த்துச் சிரிக்கிறவன் மாதிரியே சிரித்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இன், இன், இன் என்று மண்டைக்குள் ஓடியது. சட்டை உள்ளே போய்விட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

முப்பத்தாறு. சேல்ஸ்மேன் கதவுக்கு மேலாக வீசினான், அது அவன் தலையில் விழுந்தது. சேல்ஸ்மேன் சட்டையில் பாக்கியதாஸ் என்று பேட்ஜ் இருந்தது, ஆள் அகப்பைக் காம்பு மாதிரி, கழுத்தில் மஞ்சள் டேப்பை மாலை மாதிரி போட்டிருந்தான், கல்யாண மாப்பிள்ளை தோற்றான், ஆனால் சுயம்பு பார்த்த வரைக்கும் அந்த டேப்பை எடுத்து எவனையும் அளக்கவில்லை. எவனையும் அளக்காத டேப்பு எதற்கு? முப்பத்தாறு தொடையைத் தாண்டியது, இடுப்புக்கும் வந்தது, மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை முதுகோடு ஒட்டவைத்தால் பட்டனும் போடலாம், போட்டான், மூச்சை விட்டான், வயிறு பட்டனுக்கு மேலே வந்து உட்கார்ந்துகொண்டது, பஸ் ஜன்னலில் கை வைத்து உட்கார்கிற கிழவன் மாதிரி நிம்மதியாக. உள்பக்க லேபிளில் ஸ்லிம் ஃபிட் என்று எழுதியிருந்தது. ஸ்லிமாக இருக்கிறவனுக்கு எதற்குடா தனியாக ஒரு பேன்ட், அவனுக்குத்தான் எதைப் போட்டாலும் நிற்குமே. கடை வாசலில் நிற்கிற பொம்மைகள் அத்தனைக்கும் தலை கிடையாது, வயிறும் கிடையாது, இடுப்புக்குப் பின்னால் பேன்டைக் குண்டூசியால் இழுத்துக் குத்தியிருந்தார்கள், பொம்மைக்கே அளவு சரியில்லை, அதற்கே குண்டூசி தேவைப்படுகிறது, அந்த லட்சணத்தில் அதைப் பார்த்து ஆட்கள் ஆசைப்பட்டு உள்ளே வருகிறார்கள். ட்ரையல் ரூமுக்குள் ஏசி வராது. முதுகில் வேர்வை இறங்கியது. முன்னால் வந்து போனவன் எவனோ சாக்ஸ் நாற்றத்தை விட்டுவிட்டுப் போயிருந்தான். உள்ளே ஒரு முக்காலி கிடந்தது, அதன்மேல் உட்கார்ந்து பார்த்தான், உட்கார்ந்ததும் பட்டன் தொப்புளுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்துவது மாதிரி அழுத்தியது, நாளைக்குக் காலைத் தூக்கிப் போடும்போது இது என்ன செய்யும் என்று நினைத்தான், நினைத்ததும் பட்டன் தெறித்து மேனேஜர் மேஜையில் போய் விழுகிற சத்தம் கேட்டது, கேட்டே விட்டது, காதில்.

அளவு என்ற சொல்லே அவனுக்கு ஆகாது. பள்ளிக்கூட பேன்ட் எல்லாம் தைத்ததுதான், ஆனால் எந்த டெய்லரும் அவனை அளந்தது கிடையாது, அம்மா அவனைக் கூட்டிக்கொண்டே போக மாட்டாள், போன வருஷத்து பேன்டைப் பையில் சுருட்டிக்கொண்டு போய், "இதுக்கு ரெண்டு வெரக்கடை கூட்டி வச்சுத் தைங்க" என்பாள். அடுத்த வருஷம் அந்தப் பேன்டுக்கு ரெண்டு விரல்கடை. அதற்கடுத்த வருஷம் அதற்கு ரெண்டு. இப்படி ஆறாம் வகுப்பு பேன்டுக்குப் பிறந்த பேன்ட், அதற்குப் பிறந்த பேன்ட் என்று அது பாட்டுக்கு ஒரு வம்சமாக வளர்ந்துகொண்டிருந்தது, இவன் உடம்பு வேறு ஒரு பக்கம் வளர்ந்துகொண்டிருந்தது, ரெண்டும் சந்திக்கவே இல்லை. சட்டை இன்னும் மோசம். வயிற்றுக்குப் பார்த்து எடுத்தால் தோள் தையல் முழங்கைப் பக்கம் வந்து நிற்கும், தோளுக்குப் பார்த்து எடுத்தால் நாலாவது பட்டனும் ஐந்தாவது பட்டனும் கோபித்துக்கொண்டு விலகி நிற்கும், நடுவில் பனியன் தெரியும். பதினொன்றாம் வகுப்பில் ஸ்போர்ட்ஸ் டீ ஷர்ட்டுக்கு சைஸ் கேட்டார்கள். பி.டி. சார் நோட்டை வைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் கேட்டார், "ஒனக்கு என்னல?" "எல் சார்." எல்லாரும் எல் என்று சொல்கிறார்களே என்று அவனும் எல். பின்னாலிருந்து எவனோ, "ஒரு காலுக்கா?" என்றான். அவ்வளவுதான், அன்றைக்கு முழுக்க அதுதான். டீ ஷர்ட் வந்தது, அவன் போடவே இல்லை, கேட்கிறபோதெல்லாம் "துவைக்கப் போட்டிருக்கு சார்" என்றான், ஒரு வருஷம் முழுக்க அந்த டீ ஷர்ட் துவைபட்டுக்கொண்டே இருந்தது. இன்றைக்கும் அதே கதைதான், மாடிக்கு வந்ததும் பாக்கியதாஸ் "இடுப்பு எவ்வளவு தம்பி?" என்றான், வாய் அதுவாக "முப்பத்து நாலு" என்றது. முப்பத்து நாலு! எங்கே பிடித்தான் அந்த நம்பரை? அப்பாவுடைய நம்பர் அது. அதற்கு மேல் அம்மா கழுத்தில் சுற்றி அதை நிரூபித்தும் விட்டாள். பொய்யை அவன் சொன்னான், சாட்சியைக் கழுத்து சொன்னது.

வெளியே அம்மா பாக்கியதாஸிடம் பேசிக்கொண்டிருந்தாள். சின்னக் குரலில் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு அம்மா பேசினால் அடுத்த மாடிக்குக் கேட்கும். "அவன் ஒண்ணும் குண்டு இல்ல தம்பி. அது சூட்டு ஒடம்பு. காத்து புடிச்ச மாதிரி இருக்கும், தொட்டா தெரியும், உள்ள ஒண்ணும் கெடையாது." "சரிக்கா." "ரெண்டு நாள் ராத்திரிச் சோத்த நிப்பாட்டினா அப்படியே வத்திரும். அதனால இப்பம் பெருசா எடுத்திராதிய, பொறகு லொடலொடன்னு கெடக்கும்." "சரிக்கா, முப்பத்தெட்டும் கையில வச்சிருக்கேன்." "அதெல்லாம் எதுக்கு? கழுத்துல பாத்தாச்சுல்லா." சூட்டு உடம்பு. காற்று. கொஞ்ச நாள் முன்னால்வரை அது பால் உடம்பு, அதற்கு முன்னால் வளர்கிற உடம்பு, ஒரு தடவை சொந்தக்காரர் கல்யாணத்தில் ராஜ உடம்பு. அம்மா இந்த வயிற்றுக்கு வைக்காத பெயர் இல்லை, அதன் சொந்தப் பெயரைத் தவிர. குண்டு என்று பட்டென்று சொல்கிற பயல்கள் மேல்கூட அவனுக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. அவன்களாவது பார்த்ததைச் சொல்கிறான்கள். ரெண்டு நாள் சோற்றை நிறுத்த வேண்டுமாம். நாளைக்குக் காலையில் ஒன்பது மணி அம்மா, நடுவில் ஒரே ஒரு ராத்திரிதான் இருக்கு.

முப்பத்தெட்டும் கதவுக்கு மேலாக வந்து விழுந்தது. வேறு கம்பெனி, அதிலும் ஸ்லிம். இடுப்பு கஷ்டப்பட்டு மூடியது, ஆனால் தொடை மூச்சுத் திணறியது, ரெண்டு பக்கப் பாக்கெட்டும் யானைக் காது மாதிரி விரிந்து நின்றன, முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு, நாலாம் வகுப்பில் டான்ஸ் ஆடும்போது இறுக்கமாக ஒன்றைப் போட்டுவிட்டார்களே, அந்த மாதிரி. சுயம்பு அப்படியே நின்றான். வீட்டுக்குப் போய்விடலாம். கடையில் கருப்பே இல்லை என்று சொல்லிவிடலாம், ஆனால் அம்மா வெளியே கருப்பு மலைக்கு நடுவில்தான் நிற்கிறாள். பழைய பேன்டையே பட்டன் போடாமல் போட்டு, பெல்ட்டை இறுக்கி, சட்டையை உள்ளே விட்டு, மேலே கொஞ்சம் பொம்மென்று இழுத்துவிட்டால் பெல்ட் மறைந்துவிடும், நிற்கும்போது மறையும், காலைத் தூக்கினால்? தூக்கினால் சட்டை மேலே ஏறும், ஏறினால் ஜிப். சேஃப்டி பின் போடலாம், பின் குத்தினால்? குத்தினால் பரவாயில்லை, திறந்துகொண்டால்? காய்ச்சல் என்று போன் பண்ணிவிடலாம், பண்ணினால் மேனேஜர் அந்தப் போன மாதத்துக்காரனோடு இவனையும் சேர்த்து அடுத்து வருகிறவனுக்குக் கதை சொல்வார். எங்கே சுற்றினாலும் அந்த ஷோரூம் வாசலில்தான் வந்து முட்டியது. "தம்பி, சீக்கிரம், ஆளுக நிக்காங்க" என்று பாக்கியதாஸ் தட்டினான். "உள்ள தூங்கிட்டானா பாருங்க" என்று வரிசையில் நின்ற எவனோ ஒருவன் சொன்னான், ரெண்டு பேர் சிரித்தார்கள். சிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் கழுத்திலும் பேன்ட் தொங்குகிறதல்லவா, சிரியுங்கள். சுயம்பு கதவை ஒரு சாண் திறந்தான். தலையை மட்டும் நீட்டினான். "அண்ணே, அந்த டேப்பத் தாங்க." "எதுக்கு தம்பி?" "டேப்பு எதுக்குண்ணே? அளக்கத்தான்." "என்னத்த அளக்கப் போற? கழுத்துல பாத்தாச்சுன்னு எத்தனை தடவை சொல்லுதேன்" என்று அம்மா அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். "கழுத்துலயா பேன்ட் போடப் போறேன்?" என்று கேட்டுவிட்டு டேப்பைப் பிடுங்கிக்கொண்டு கதவைச் சாத்தினான். அப்புறம் அம்மா, "பேச்சப் பாத்தியளா தம்பி?" என்றாள். பாக்கியதாஸ் பாவம், அதற்கும் "சரிக்கா" என்றான்.

டேப்பில் பாக்கியதாஸின் வேர்வை வாடையும் பவுடர் வாடையும் இருந்தது. முதலில் சுயம்பு தன்னை அளக்கவில்லை. பயம்தான், வேறென்ன. முக்காலியில் அந்த முப்பத்தாறைத் தட்டையாக விரித்து, இடுப்புப் பட்டையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு டேப்பை வைத்தான். பத்தொன்பது. பத்தொன்பதும் பத்தொன்பதும் முப்பத்தெட்டு. மறுபடி வைத்தான். முப்பத்தெட்டுதான். லேபிளைப் பார்த்தான், முப்பத்தாறு என்று தங்க நூலில் எழுதியிருந்தது. போட்டிருந்த முப்பத்தெட்டைக் கழற்றி அதையும் அளந்தான், அது முப்பத்தெட்டரை. அப்படியென்றால் ஒரு கம்பெனிக்காரனின் முப்பத்தாறும் இன்னொரு கம்பெனிக்காரனின் முப்பத்தெட்டும் கிட்டத்தட்ட ஒன்று. முப்பத்தெட்டு இடுப்புக்காரன் எவனோ கண்ணாடி முன்னால் நின்று, நான் இன்னும் முப்பத்தாறுதான் என்று மீசையைத் தடவிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் தங்க நூலில் பொய் எழுதி விற்கிறான்கள். சுயம்புவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு சேர்ந்து ஆத்திரமும் வந்தது. பி.டி. சாரின் நோட்டுக்கு முன்னால், பாக்கியதாஸுக்கு முன்னால், எந்த நம்பரைச் சொல்ல முடியாமல் அவன் நாக்கு மடங்கியதோ அந்த நம்பரே நம்பர் இல்லை. அவன் ஒருத்தன் மட்டும்தான் பொய் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தான். மீசை வைத்த ஆம்பிளைகள் அத்தனை பேருக்கும் பேன்டே பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது, அவர்கள் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகிறார்கள், ஆபீசில் உட்காருகிறார்கள், அடுத்தவன் வயிற்றைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறார்கள். டேப்பைத் தன் இடுப்பில் சுற்றினான். ஜில்லென்று இருந்தது. மூச்சை இழுக்கவில்லை. இழுக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டு இழுக்கவில்லை, வயிற்றை அதன் போக்கில் விட்டான், தொப்புள் மேலே முனையைப் பிடித்துக் குனிந்து பார்த்தான், தெரியவில்லை, கண்ணாடியில் பார்த்தான், இடவலம் மாறித் தெரிந்தது, விரலால் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு டேப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தான். நாற்பத்தொன்று. தொடை இருபத்தேழு. பார்த்துக்கொண்டே நின்றான். பெரிய இடி ஏதாவது விழும் என்று நினைத்திருந்தான். ஒன்றும் விழவில்லை. பக்கத்து ட்ரையல் ரூமில் எவனோ தும்மினான்.

"அண்ணே." இந்தத் தடவை கதவை முழுசாகத் திறந்தான், இடுப்பில் துண்டு மாதிரி முப்பத்தெட்டைப் பிடித்துக்கொண்டு. "இடுப்பு நாப்பத்தொண்ணு. தொடை இருவத்தேழு. ஸ்லிம் வேண்டாம்." வாய் சொன்னது, இது அதுவாகச் சொல்லவில்லை, அவன் சொன்னான். அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். "மெதுவா சொல்லுல." "எதுக்கு மெதுவா?" "ஒங்க அப்பாவுக்கே முப்பத்தி நாலுதான்." "அப்பாவா நாளைக்கு வண்டில ஏறப்போறாவ?" பாக்கியதாஸ் திரும்பி, கடையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, சுயம்பு எதற்குப் பயந்துகொண்டிருந்தானோ அதே குரலில், "நாப்பது நாப்பத்திரெண்டு ரெகுலர், கருப்பு, எறக்கு!" என்று கத்தினான். வரிசையில் நின்றவர்களில் ஒருத்தன் பார்த்தான், பார்த்துவிட்டுத் தன் போனைப் பார்த்தான். பேன்ட் வரும்வரை பாக்கியதாஸ் அவனுக்குப் பக்கத்திலேயே நின்றான், என்ன நினைத்தானோ, "எனக்கு இருவத்தெட்டுகூட நிக்காது தம்பி. பையங்க செக்சன்லதான் எடுக்கேன். முழங்கால்ல கார் படம் போட்டுத்தான் வருது" என்றான். அதற்கு என்ன சொல்வது? சுயம்புவுக்கு அவன் மேல் இரக்கமெல்லாம் வரவில்லை, கழுத்தில் டேப்பை வைத்துக்கொண்டு முப்பத்து நாலை எடுத்துக் கொடுத்தவன்தானே, ஆனால் கார் படம் நன்றாக இருந்தது, சிரித்துவிட்டான். ரெண்டு பேன்டையும் கையில் கொடுக்கும்போது பாக்கியதாஸ் குரலைக் கொஞ்சம் இறக்கி, கடைக்காரன் மாதிரி இல்லாமல் கேட்டான்: "எங்க கட்டுவிய? தொப்புளுக்கு மேலயா, கீழயா? கீழன்னா நாப்பது. மேலன்னா நாப்பத்திரெண்டு." சுயம்பு ரெண்டு பேன்டையும் வாங்கிக்கொண்டான். இதை யாரும் அவனிடம் கேட்டதில்லை. நம்பர் கேட்டிருக்கிறார்கள், ஏன் இப்படி இருக்கே என்று கேட்டிருக்கிறார்கள், என்ன சாப்பிடுறே என்று வழியில் போகிறவன்கூடக் கேட்டிருக்கிறான். எங்கே கட்டுவாய் என்று கேட்டதில்லை.

உள்ளே போய் நாற்பதைக் கீழே கட்டினான். பட்டன் மாட்டியது, நன்றாகத்தான் இருந்தது, வயிறு மேலே வந்து தொங்கியது, சினிமாவில் ஏட்டு மாதிரி. முக்காலிக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டு, வண்டியில் உட்காருவது மாதிரி உட்கார்ந்தான். பின்னால் ஜில்லென்று காற்றுப் பட்டது. கையை வைத்துப் பார்த்தான், மேனேஜர் சொன்ன அதே இடத்தில்தான் பேன்ட் இறங்கியிருந்தது. கழற்றி எறிந்தான். நாற்பத்திரண்டைத் தொப்புளின் மேலேயே கட்டினான். வயிறு மொத்தமும் பேன்டுக்குள் போய்விட்டது, எங்கேயும் பிதுங்கவில்லை, எங்கேயும் அழுத்தவில்லை, கண்ணாடியில் ரேஷன் கடை ஆபீசர் ஒருத்தர் நின்றுகொண்டிருந்தார். அசிங்கமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல என்ன இருக்கிறது, அசிங்கம்தான், எவனும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்க மாட்டான், நீளம் வேறு ஆறடி ஆளுக்குத் தைத்தது, கால் ரெண்டும் துணிக்குள் மூழ்கிக் கிடந்தன. சட்டையை உள்ளே விட்டான். முன்னால், பக்கத்தில், பின்னால். விட்டுவிட்டுக் கைகளை எடுத்தான். எடுத்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, மூன்று வருஷமாக அவை சட்டையைக் கீழே இழுத்துவிடுகிற வேலையிலேயே இருந்தன.

வெளியே வந்தான். "ஐயோ, தாத்தா மாதிரில்லா இருக்கு" என்றாள் அம்மா. "கீழ எறக்கிக் கட்டுனா எடுப்பா இருக்கும் தம்பி, வயசுப் புள்ளைக யாரும் மேல கட்ட மாட்டாவ" என்றான் பாக்கியதாஸும். சுயம்பு ரெண்டு பேரையும் பார்க்கவில்லை. ஆட்கள் உட்கார்ந்து செருப்பு மாட்டுகிற நீள பெஞ்ச் ஒன்று நடுவில் கிடந்தது, அதற்குப் பக்கத்தில் போய் நின்றான், தொங்குகிற துணியை ஒரு கையால் முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது காலை அந்தப் பக்கம் தூக்கிப் போட்டு உட்கார்ந்தான். இறங்கினான். மறுபடி ஏறினான். குனிந்து இல்லாத கிளட்ச்சைப் பிடித்தான். சட்டை உள்ளேயே இருந்தது, பட்டன் பட்டன் மாதிரி இருந்தது. வரிசையே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஒரு குழந்தை தன் அப்பாவிடம் "அந்த அண்ணன் வண்டி எங்கப்பா?" என்று கேட்டது. அம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "போதும்ல, எல்லாரும் பாக்காவ, எறங்கு." "பாக்கட்டும்மா. நாளைக்குக் காசு குடுத்துப் பாக்க வருவாவ" என்றான் சுயம்பு, பெஞ்சிலிருந்து இறங்காமலே காலை நீட்டி, "அண்ணே, சாக்பீஸ் எடுங்க. கீழ எம்புட்டு வெட்டணும்னு ஒக்காந்திருக்கும்போதே பாருங்க, நின்னுகிட்டுப் பாத்தா தப்பா வரும்" என்றான். பாக்கியதாஸ் தரையில் மண்டியிட்டான்.